உக்கும் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது: யாழ்ப்பாண வீடுகளுக்கான முழு வழிகாட்டி

படலையடியில் வைத்த வாளியைக் குப்பை வண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போனால், பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. உள்ளே பொலித்தீன் துண்டு கிடக்கும், அல்லது வாளியில் பாதி தண்ணீராக இருக்கும். எது உக்கும், எது உக்காது என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேலையைச் செய்யும் வரிசை பிழைத்துப் போவதுதான் காரணம். குசினியில் தொடங்கி வளவில் முடிக்கிறார்கள். வளவில் தொடங்கிக் குசினிக்கு வந்தால் பாதிச் சிக்கல் வராது.

கூட்டெருவுக்காக வண்டி எடுத்துக்கொண்டு போகும் குப்பையைப் பற்றி மட்டும்தான் இங்கே சொல்கிறேன். வீட்டிலேயே கூட்டெரு போடுவது வேறு வேலை. கடைசிப் பகுதியில் மட்டும் அதைக் கொஞ்சம் தொட வேண்டியிருக்கும்.

1. வாளி வாங்குவதற்கு முன் கேட்டு அறிய வேண்டியவை

முதலில் உங்கள் வீடு எந்தச் சபைக்குள் வருகிறது என்று உறுதிசெய்யுங்கள். நல்லூர்க் கோயிலைச் சுற்றியுள்ள இடம் யாழ்ப்பாண மாநகர சபைக்குள் வரும். கொஞ்சம் தள்ளித் திருநெல்வேலிக்குப் போனால் அது நல்லூர் பிரதேச சபை. பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள், வாடகைக்கு வந்தவர்கள் விசேடமாக. ஒரு சபையின் நாளும் ஒழுங்கும் அடுத்த சபைக்குப் பொருந்தாது.

தெரிந்ததும் நான்கு விசயங்களைக் கேளுங்கள். உக்கும் குப்பைக்கு எந்த நாள்? இலை குழையையும் சமையல் கழிவையும் ஒரே வண்டியில் எடுப்பார்களா? மீன், இறைச்சிக் கழிவை ஏற்பார்களா? வாளியைக் கொட்டிவிட்டுத் திருப்பித் தருவார்களா, இல்லை சாக்கோடு எடுத்துப் போவார்களா?

இதைக் கேட்க மிகச் சரியான ஆள் வண்டியில் வரும் சுகாதாரத் தொழிலாளர்தான். அலுவலகத்தில் சொல்வது பொது ஒழுங்கு. உங்கள் ஒழுங்கைக்குள் வண்டி திரும்புமா, இல்லை முகப்புக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டுமா என்பது அவருக்குத்தான் தெரியும். சனசமூக நிலைய அறிவித்தல் பலகையையும் ஒருக்கால் பாருங்கள். நாள் மாறினால் அங்கே ஒட்டுவது உண்டு.

2. தேவையான சாமான்கள்

புதிதாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை. குசினிக்கு மூடியுள்ள சின்ன வாளி ஒன்று, 5 லீற்றர் அளவு போதும். வெளியே வைக்க 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்று, அதற்கும் மூடி வேண்டும். காய்ந்த சருகு சேர்த்து வைக்க இரண்டு மூன்று உரப்பைகள். ஒரு பழைய அரிதட்டு. பழைய பேப்பர் கொஞ்சம். மூடிக்கு மேலே வைக்க ஒரு செங்கல்.

குசினி வாளி ஏன் சின்னதாக இருக்க வேண்டும்? பெரிய வாளி வைத்தால் அது நிறையும் வரை உள்ளேயே இருக்கும். நம்முடைய வெயிலுக்கு ஒரு நாளிலேயே மணக்கத் தொடங்கும். சின்ன வாளி தினமும் நிறையும், தினமும் வெளியே போகும்.

வெளி வாளியின் அடியில் ஆணியைச் சூடாக்கி ஏழெட்டு ஓட்டை போடுங்கள். அதை இரண்டு கல்லின் மேல் தூக்கி வைத்து, கீழே ஒரு பழைய தட்டு வையுங்கள். வடியும் நீர் தட்டில் விழும். அந்த நீரைக் கிணற்றடியில் ஊற்றவே கூடாது. நிறையத் தண்ணீர் கலந்து, கிணற்றுக்குத் தூரத்தில் நிற்கும் வாழைக்கு ஊற்றலாம்.

இலங்கையில் குப்பைத் தொட்டிகளுக்கு நிற ஒழுங்கு ஒன்று இருக்கிறது. உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கும் பொலித்தீனுக்கும் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்கும் சிரட்டைக்கும் கபிலம். வீட்டில் ஐந்து தொட்டி வைக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். உக்கும் வாளியின் மூடிக்குப் பச்சை பெயின்ற் அடித்துவிட்டால் போதும், வீட்டுக்கு வருகிறவர்களும் கேட்காமலே புரிந்துகொள்வார்கள். அந்தப் பட்டியலில் சிரட்டை பச்சைக்குள் வராததை மட்டும் நினைவில் வையுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

3. வளவில் இருந்து தொடங்குங்கள்

குசினிக் கழிவு ஈரமானது, தழைச்சத்து (நைதரசன்) கூடியது. தனியாகக் குவித்தால் காற்றுப் போகாமல் அழுகும். சருகு காய்ந்தது, கரிமம் (காபன்) கூடியது. தனியாகக் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் உக்கல் ஒழுங்காக நடக்கும். கரிமம் 25 அல்லது 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்பது கூட்டெருக்காரரின் கணக்கு. வீட்டில் அளக்கத் தேவையில்லை. ஈரக் கழிவு ஒரு வாளி என்றால் காய்ந்த சருகு குறைந்தது ஒரு வாளி, முடிந்தால் இரண்டு. அதனால்தான் சமையல் கழிவைப் பிரிக்கத் தொடங்கும் நாளில் சருகு ஏற்கெனவே உரப்பையில் இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து வளவில் சருகுக்குப் பஞ்சமில்லை. வேம்பு, மா, பலா எல்லாம் கொட்டுகின்றன. மாசி பங்குனியில் வேம்பு உதிர்க்கும் போது கூட்டிக் கூட்டிக் கை ஓயும். அந்த நேரம் நான்கைந்து உரப்பை நிரப்பி, மழை படாத இடத்தில் கட்டி வைத்துவிடுங்கள். கார்த்திகை மழைக்கு அதுதான் கைகொடுக்கும். கூட்டி எரிக்கும் பழக்கத்தை விட மனம் வராதவர்களுக்கு ஒன்று: எரிக்கும் சருகைத்தான் பிறகு காசு கொடுத்து மரத்தூளாக வாங்க வேண்டி வரும்.

கூட்டுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் விளக்குமாறு இல்லாமல் வளவை ஒருமுறை சுற்றி நடந்து, பொலித்தீன், ரொபித் தாள், சிகரெட் அடி, நைலோன் கயிறு, போத்தல் மூடி எல்லாவற்றையும் பொறுக்குங்கள். அதற்குப் பிறகு கூட்டுங்கள். கூட்டிய குவியலுக்குள் இவற்றைத் தேடுவது வீண் வேலை. ஒரு ரொபித் தாள் நூறு சருகுக்குள் போனால் திரும்பக் கிடைக்காது.

அடுத்தது மண். முற்றம் மணலாக இருந்தால் சருகோடு மணலும் வரும். குவியலை அள்ளாமல், கையால் மேலோட்டமாக எடுத்து உதறிப் பையில் போடுங்கள். அடியில் மிஞ்சும் மணல் கலந்த தூளை முற்றத்து மரத்தடியிலேயே விடலாம். மணல் போனால் சாக்குத் தூக்க முடியாத பாரமாகும், கூட்டெருவும் மண்ணாகத்தான் வரும். உரப்பையைத் தூக்க ஒருவர் போதாமல் இருந்தால், உள்ளே மணல் இருக்கிறது என்று அர்த்தம்.

4. பனை, தென்னை: இவை பெரும்பாலும் வண்டிக்குரியவை அல்ல

வெளிநாட்டு வழிகாட்டிகளில் இல்லாத பகுதி இது. நம்முடைய வளவுகளில் கூடுதலாகக் குழப்பம் வருவதும் இங்கேதான்.

காவோலை உக்கும். ஆனால் ஆறுதலாக உக்கும். முழு ஓலையாக வண்டியில் போட்டால் இடத்தை அடைக்கும், வெட்டும் இயந்திரம் இருந்தால் அதில் நார் சுற்றிக்கொள்ளும். யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பனையோலையைக் குழையோடு சேர்த்து மண்ணில் தாழ்த்துப் பசளையாக்குவது வழக்கம். பக்கத்தில் தோட்டம் செய்கிறவர் இருந்தால் சொல்லிப் பாருங்கள், வந்து ஏற்றிக்கொண்டு போவார். அப்படி யாரும் இல்லாவிட்டால் ஒரு முழத்துக்கும் குறைவாக வெட்டிக் கட்டி வையுங்கள்.

பனை மட்டை, பன்னாடை, பாளை, ஊமல்: இவை விறகு. அடுப்பு இல்லாத வீட்டிலும் பக்கத்து வீட்டில் அடுப்பு இருக்கும். கூட்டெருக் குவியலில் ஊமல் போனால் அடுத்த ஆண்டும் ஊமலாகவே கிடக்கும்.

ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். பழத்தின் சதையும் தோலும் உக்கும், வாளிக்குள் போடலாம், இனிப்பு வாசத்துக்கு ஈ கூடும் என்பதால் மேலே தடிப்பாகச் சருகு போட வேண்டும். பனங்கொட்டை மட்டும் போடாதீர்கள். அது பாத்தி போட்டால் கிழங்கு. உங்களுக்குப் பாத்தி போட இடமில்லை என்றால் போடுகிறவருக்குக் கொடுங்கள். கூட்டெருவுக்குள் போனால் அங்கேயும் முளைக்கத்தான் செய்யும். நுங்குக் கோம்பை மாட்டுக்கு.

தென்னோலையில் ஈர்க்கை வாரி எடுத்துவிட்டு இலையை வெட்டிப் போடலாம். பொச்சைத் தென்னை அடியிலோ வாழை அடியிலோ கவிழ்த்து வைத்தால் ஈரம் காக்கும், வண்டிக்குக் கொடுப்பதைவிட அது பிரயோசனம். இளநீர்க் கோம்பையை நாலாகப் பிளந்தால்தான் எடுப்பார்கள். முழுதாகவோ பாதியாகவோ விட்டால் தண்ணீர் தேங்கும். சிரட்டைக்கு வேறு நிறம் கொடுத்திருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்: உக்க ஆண்டுக் கணக்காகும், இடையில் மழைநீரைப் பிடித்து வைத்து நுளம்பு வளர்க்கும். மாரியில் டெங்கு ஏறும் ஊர் இது. சிரட்டையை உக்கும் வாளிக்குள் போடாமல் உலர்ந்த இடத்தில் சேர்த்து, கரிக்கோ விறகுக்கோ கொடுங்கள்.

5. களை, கொப்பு, முள்

வேலியில் வெட்டும் கிளுவை, பூவரசங் குழை எல்லாம் நல்லவை. ஒரு சிறு விரல் தடிப்பு வரையுள்ள கொப்புகளை முழ நீளத்துக்கு வெட்டி, வாழை நாரால் கட்டிக் கொடுக்கலாம். நைலோன் கயிற்றால் கட்டாதீர்கள், யாரும் அவிழ்க்க மாட்டார்கள், கயிறும் கூட்டெருவுக்குள் போகும். அதைவிடத் தடித்த கொப்பு விறகு.

தேசி, போகன்வில்லா போன்ற முள் மரக் கொப்புகளைத் தனியாகக் கட்டி, முள் இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். கையுறை இல்லாமல் அள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பார்த்தீனியம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறும் வளவு, வீதியோரம், தோட்டம் எங்கும் நிற்கும் வெள்ளைப் பூச்செடி. பூத்த பார்த்தீனியத்தை உக்கும் குப்பையோடு கொடுக்கவே கூடாது. ஒரு செடியில் ஆயிரக்கணக்கான விதை இருக்கும். கூட்டெருக் குவியலின் நடுவில் வெப்பம் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை ஏறும், அங்கே விதை செத்துவிடும். ஓரத்தில் அந்தச் சூடு இல்லை. ஓரத்தில் கிடந்த விதை பசளையோடு சேர்ந்து வேறொருவரின் தோட்டத்தில் முளைக்கும். பூப்பதற்கு முன் பிடுங்கினால் விதைப் பயமில்லை. பூத்ததைப் பிடுங்கினால் பையில் கட்டித் தனியே வைத்துவிட்டு, என்ன செய்வது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். எதுவானாலும் கையுறை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு பிடுங்குங்கள். தோலில் பட்டால் சொறியும், மகரந்தம் சிலருக்கு இழுப்பைக் கொண்டுவரும்.

களைகொல்லி அடித்துக் காய்ந்த புல்லும் வாளிக்குரியதல்ல. சில மருந்துகள் உக்கலிலும் முழுதாக அழியாமல் பயிரைப் பாதிக்கும்.

6. குசினியில்: வெட்டும் இடத்திலேயே பிரியுங்கள்

இரவு குப்பையைக் கொட்டி வைத்துக்கொண்டு பிரிப்பது யாருக்கும் பிடிக்காத வேலை, அதனால் யாரும் தொடர்ந்து செய்ய மாட்டார்கள். மரக்கறி வெட்டும் போதே சின்ன வாளி பக்கத்தில் இருக்க வேண்டும். உக்காதவைக்கான பை கையெட்டும் தூரத்தில், ஆனால் மறுபக்கத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவசரத்தில் கை மாறும்.

வாளிக்குள் போவதற்கு முன்னால் இன்னொரு வாய் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடு, மாடு வைத்திருக்கும் வீடு ஒழுங்கையில் ஒன்றாவது இருக்கும். வாழைப்பழத் தோல், பலாச் சக்கை, கீரைத் தண்டு, அரிசி கழுவிய தண்ணீர் அங்கே போகலாம். மிச்சச் சோற்றுக்குக் கோழி இருக்கும். அப்படிக் கொடுத்தால் ஈரமான பாதிக் கழிவு வாளிக்கு வரவே வராது.

மற்றவை வாளிக்கு: மரக்கறித் தோல், காம்பு, விதை, பழத் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, முட்டைக் கோது, தேயிலைச் சக்கை, கோப்பிச் சக்கை, முருங்கைக்காய்ச் சக்கை, வெங்காயத் தோல், கறிவேப்பிலைக் காம்பு, வாழையிலை, பூசைப் பூ. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகம் வருகிறவற்றைப் பார்ப்போம்.

தேயிலைப் பை: சிலவற்றில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கும், சிலவற்றில் கம்பி குத்தியிருக்கும். கிழித்துத் தூளை மட்டும் வாளிக்குள் கொட்டுங்கள். தூளாகத் தேயிலை போடுகிற வீடுகளுக்கு இந்தத் தலையிடி இல்லை.

மாங்கொட்டை: உக்கும், காலம் எடுக்கும். கறுத்தக்கொழும்பான் காலத்தில் வாளி முழுக்கக் கொட்டையாக இருந்தால் முணுமுணுப்பார்கள். ஒரு தட்டுத் தட்டி உடைத்துப் போட்டால் முளைக்காது, வேகமாகவும் உக்கும்.

ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய்: உப்பு. கொஞ்சம் போனால் பரவாயில்லை, பழுதாகிப்போன போத்தலை முழுதாகக் கவிழ்க்க வேண்டாம். உப்புக் கூடிய பசளை நாற்றைக் கருக்கும்.

எண்ணெய்: பொரித்த எண்ணெயை வாளிக்குள் ஊற்றாதீர்கள். காற்றுப் புகும் இடைவெளியை அது அடைத்துவிடும்.

அடுப்புச் சாம்பல்: யாழ்ப்பாணத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல், மண் ஏற்கெனவே காரப் பக்கம் சாய்ந்தது. சாம்பலும் காரம். ஒரு பிடி பரவாயில்லை, தினமும் தட்டக்கூடாது. சூட்டுச் சாம்பலை ஒருபோதும் போடக்கூடாது, காய்ந்த சருகுச் சாக்குப் பற்றிக்கொண்டால் வண்டியோடு போகும்.

கடதாசி: எண்ணெய் பட்ட பேப்பர், முட்டை வரும் கடதாசித் தட்டு எல்லாம் கிழித்துப் போடலாம். பளபளப்பான அட்டை, பில் துண்டு, கடதாசிக் கப் வேண்டாம். கடதாசிக் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும்.

லஞ்சீற்: 2017 செப்டெம்பரில் இருந்து பொலித்தீன் லஞ்சீற்றுக்குத் தடை இருக்கிறது. இப்போது சாப்பாட்டுப் பார்சலில் வருவது உக்கும் வகை என்று கடைக்காரர் சொல்லலாம். சொல்லட்டும், நீங்கள் வாளிக்குள் போடாதீர்கள். வண்டிக்காரருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை, பார்த்ததும் வாளியைத் திருப்பித்தான் வைப்பார்.

சரி, இனிப் பெரிய எதிரி. வாளிக்குள் முழு சொப்பிங் பையை யாரும் போடுவதில்லை, அது கண்ணுக்குத் தெரியும். தப்பிப் போவது சின்னத் துண்டுகள். பால்மாப் பைக்கற்றை வெட்டும் போது விழும் மூலை. கீரைக் கட்டின் ரப்பர் வளையம். அப்பிளில் ஒட்டிய ஸ்ரிக்கர். பச்சைமிளகாய் வந்த பையின் முடிச்சு. மசாலாப் பைக்கற்றின் கிழிந்த ஓரம். பூமாலையின் நூல். இவை எல்லாம் வெட்டும் பலகையில் தோல்களோடு ஒன்றாகக் கிடந்து, பலகையை வழிக்கும் போது வாளிக்குள் போகின்றன. கூட்டெருவை அரிக்கும் போது இலேசான பொலித்தீன் துண்டு அரிதட்டுக் கண்ணுக்குள்ளாலும் நுழைந்துவிடும்.

இதற்கு நான் கண்ட ஒரே வழி: பைக்கற்றை முழுதாக வெட்டாமல், மூலை ஒட்டிக்கொண்டு நிற்கும்படி பாதி வெட்டுங்கள். ரப்பர் வளையத்துக்கு ஒரு கொளுக்கி சுவரில் வையுங்கள். சமைக்கத் தொடங்கும் முன், எல்லாப் பைக்கற்றையும் பிரித்துக் கொட்டிவிட்டு உறைகளை அப்புறப்படுத்துங்கள். பிறகுதான் கத்தி எடுக்க வேண்டும். வீட்டில் ஒருவர் வெட்ட இன்னொருவர் சமைத்தால் இந்த ஒழுங்கை இருவருக்கும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேலையில்லை.

7. தண்ணீரை வடியுங்கள்

மிச்சச் சொதி, குழம்பு, ரசம், கஞ்சி எதுவும் நேரே வாளிக்குள் போகக்கூடாது. அரிதட்டைத் தொட்டிக்குள் வைத்து ஊற்றுங்கள். திப்பி மேலே நிற்கும், அதை வாளியில் தட்டுங்கள்.

காரணம் எளிது. உக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று வேண்டும். இடைவெளிகளைத் தண்ணீர் நிரப்பினால் அவை சாகும், காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு கூட்டம் வரும், அதுதான் அழுகல் நாற்றம். அத்தோடு தண்ணீர்தான் பாரம். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வண்டிக்குள் கவிழ்க்கும் வாளியில் இருந்து சொதி தோளில் வடிந்தால், அடுத்த கிழமை அந்த வாளியை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

ஈரம் சரியா என்று அறிய ஒரு பிடி எடுத்துக் கையால் பிழியுங்கள். இரண்டு மூன்று துளி வந்தால் சரி. ஒழுகினால் சருகு போதாது.

8. வெளி வாளியை அடுக்கும் முறை

அடியில் இரண்டு தாள் பேப்பர், அல்லது ஒரு வாழையிலை. அதற்கு மேல் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு. பிறகு அன்றைய குசினி வாளி. உடனே அதை மூடும் அளவுக்குச் சருகு. ஈரம் கண்ணுக்குத் தெரியக்கூடாது, அதுதான் அளவு. மூடி, அதன் மேல் செங்கல்.

செங்கலை விட்டுவிடுகிறவர்கள்தான் காகத்தைத் திட்டுகிறார்கள். காகம் மூடியைத் தள்ளும், நாய் வாளியைச் சரிக்கும், மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும்.

கையால் அமத்தாதீர்கள். இடம் போதவில்லை என்று மிதித்து அடைப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அடைத்தால் காற்றுப் போய்விடும், வாளியைக் கவிழ்த்தாலும் கழிவு விழாது.

9. மீன் வெட்டும் நாள்

சபை ஏற்காது என்று சொன்னால் இந்தப் பகுதியை விட்டு அடுத்ததற்குப் போங்கள், மீன் கழிவைத் தாழ்ப்பதற்குக் கடைசிப் பகுதி உதவும்.

ஏற்பார்கள் என்றால், முதல் யோசனை மீனை வண்டி வரும் நாளுக்கு முந்தின நாள் வாங்குவது. எல்லோராலும் முடியாது, தெரியும். சந்தையிலேயே வெட்டித் துப்புரவாக்கி வாங்கினால் செதிலும் குடலும் வீட்டுக்கு வராது. வீட்டில் வெட்டினால் கழிவைப் பேப்பரில் சுற்றி, பேப்பரோடு வாளியின் நடுவில், சுற்றிவரச் சருகு இருக்கும்படி வையுங்கள். ஓரத்தில் வைத்தால் வாசம் வெளியே வரும்.

நண்டுக் கோது, இறால் கோது உக்கும், நல்ல பசளையும்கூட. கணவாய் ஓடு உக்க நாள் எடுக்கும், உடைத்துப் போடுங்கள். ஆட்டெலும்பு, மாட்டெலும்பு வேண்டாம். மீன் கழுவிய தண்ணீர் எப்போதும் போல முருங்கைக்கோ கறிவேப்பிலைக்கோ போகட்டும்.

10. வண்டி வரும் வரை

இரண்டு மூன்று நாள் இடைவெளி என்றால் மேலே சொன்ன அடுக்கே போதும். ஒரு கிழமை என்றால் வாளியை நிழலில் வைப்பது கட்டாயம். வெயிலில் மூடிய வாளி உள்ளே வேகும்.

புழு வந்தால் பயப்பட வேண்டாம், ஈ முட்டையிட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஈரம் வெளியே தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். மேலே தடிப்பாகச் சருகு போட்டு மூடுங்கள். பூச்சி மருந்து அடிக்காதீர்கள், சுண்ணாம்பும் கொட்டாதீர்கள். அடித்தால் உக்கவைக்கும் உயிர்களும் சேர்ந்து சாகும்.

11. எடுக்கும் நாள்

விடிய வெள்ளன வையுங்கள். முதல் நாள் இரவே வைத்தால் கட்டாக்காலி மாடும் நாயும் வண்டிக்கு முன்னால் வந்துவிடும். வைப்பதற்கு முன் மூடியைத் திறந்து ஒரு தடியால் மேல் அரை முழத்தைக் கிளறிப் பாருங்கள், பொலித்தீன் இருந்தால் அங்கேயே கண்ணில் படும்.

உக்கும் வாளியையும் மற்றக் குப்பைப் பையையும் படலையின் ஒரே பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்றாக வைத்தால் அவசரத்தில் ஒன்றாகவே ஏறும், நீங்கள் கிழமை முழுக்கப் பிரித்தது அரை நிமிடத்தில் கலந்துவிடும். வாளிக்குள் சொப்பிங் பை விரித்து அதற்குள் கழிவு போட்டுக் கொடுப்பதும் இதே வகைதான். வாளி ஊத்தையாகாது என்பது உண்மை. பையைக் கிழித்துக் கொட்ட வேண்டியவர் வேறொருவர்.

பம்பர்ஸ், சுகாதாரத் துவாய், பஞ்சு, பட்டரி, மின்குமிழ், மருந்து மட்டை எதுவும் எந்தச் சமாதானத்தோடும் பச்சை மூடிக்குள் போகாது. உடைந்த கண்ணாடி விசேடமாக. அதைப் பேப்பரில் சுற்றி, கண்ணாடி என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

வாளி திரும்பி வந்ததும் ஒரு செம்புத் தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரை மரத்துக்கு ஊற்றி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சவர்க்காரம் தேவையில்லை.

12. கொண்டாட்ட நாட்களும் மாரியும்

பொங்கல், விரத நாட்கள், வீட்டில் ஒரு விசேடம் என்றால் வாழையிலை குவியும். வாழையிலை நல்ல கழிவு, ஆனால் சுருட்டிய இலைக்குள் பிளாஸ்டிக் கரண்டியும் பாயாசக் கப்பும் தண்ணீர்ப் போத்தல் மூடியும் ஒளிந்திருக்கும். பந்தியில் இலை எடுக்கும் ஆளிடம் இரண்டு கடகம் கொடுங்கள், ஒன்று இலைக்கு, ஒன்று மற்றவைக்கு. இலையை மடிக்கும் முன் கப்பை எடுக்கச் சொல்லுங்கள். வாசலில் கட்டிய வாழைமரத்தைத் துண்டாக்கிக் கொடுக்கலாம், மாவிலைத் தோரணம் கயிற்றில் இருந்து உருவிப் போடலாம். இப்போது கட்டும் பிளாஸ்டிக் மாவிலையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் உண்மையானதுபோல இருக்கும், கவனம்.

ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மழைதான் தொல்லை. வளவில் கிடக்கும் சருகு நனைந்துவிடும், நனைந்த சருகு சமையல் கழிவுக்கு உதவாது. கோடையில் கட்டி வைத்த உரப்பை இப்போது வெளியே வரட்டும். முடிந்துவிட்டால் கிழித்த பேப்பர், மரத்தூள், தும்பு எதுவும் பதிலுக்கு ஆகும். வாளி தாழ்வாரத்தில் நிற்க வேண்டும், அடியில் வைத்த தட்டைத் தினமும் ஊற்றிக் கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே நுளம்புத் தொட்டி.

13. திருப்பி வைத்தால், வண்டியே வராவிட்டால்

வாளியை எடுக்காமல் விட்டால் அடுத்த முறை வண்டி வரும் போது படலையடியில் நின்று ஏன் என்று கேளுங்கள். கோபத்தோடு போனால் பதில் வராது. பெரும்பாலும் ஒரு பொருளைத்தான் காட்டுவார்கள், அது போனால் பிரச்சினை தீரும்.

வண்டி ஒரு முறை தவறினால் மேலே இன்னொரு அடுக்குச் சருகு போட்டு மூடுங்கள், அடுத்த நாள் வரைக்கும் தாங்கும். இரண்டு முறை தவறினால் வளவில் தாழ்க்க வேண்டியதுதான். நாம் குடிப்பது கிணற்றுத் தண்ணீர். கீழே இருக்கும் சுண்ணக்கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய, மேலே ஊறுவது வேகமாகவே கீழே போகும். ஆகவே உங்கள் கிணறு, பக்கத்து வீட்டுக் கிணறு இரண்டிலிருந்தும் வளவு விடும் அளவுக்குத் தள்ளி, ஆழம் முழங்காலுக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். ஆழமாக வெட்டினால் காற்றும் இல்லை, கிணற்றுக்கும் கிட்ட. ஒரே குழியில் திரும்பத் திரும்பப் போடாமல் வாழை, தென்னை அடிகளில் இடம் மாற்றிப் போடுங்கள், அந்த வேர்கள் சத்தை உறிஞ்சிவிடும். மேலே ஒரு சாண் மண் போட்டு, நாய் கிண்டாமல் இருக்க முள்ளுக் கொப்பு ஒன்றைப் பரப்பி விடுங்கள்.